சுவாலை இல்லாத தீ

அடுப்பு எரிகிறது என்றால் நம் கண்கள் முதலிலே தேடுவது சுவாலையைத்தான். சுவாலை நீலமாயிருந்தால் இல்லத்தரசி மகிழ்கிறாள். மஞ்சளாகிப் புகை கக்கினால், பாத்திரத்தின் அடி கறுத்துவிடுமே என்று முகஞ் சுளிக்கிறாள். தீ வேறு, சுவாலை வேறு என்று எண்ணிப் பார்க்க நம்மிற் பலர்க்கு வேளை வந்ததில்லை. ஆனால் இவ்விரண்டையும் பிரித்துவிட முடியும் என்பதும், எரிபொருளைச் சுவாலையின்றியே எரித்து அதன் வெப்பத்தைப் பெற்றுவிடலாம் என்பதும் இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்ட உண்மைகள்.

அந்த உண்மையை மின்சாரம் பிறப்பிக்கும் இயந்திரம் ஒன்றின் வயிற்றினுள்ளே குடியேற்றுவதற்கு அமெரிக்காவிலே எடுக்கப்பட்ட பெருமுயற்சி ஒன்றைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுகின்றோம். அது வெற்றிக் கதையா, தோல்விக் கதையா என்று கேட்பவர்க்கு ஒரு சொல்லில் விடை கூற நம்மால் இயலாது. இயந்திரம் ஓடியது; சொன்னபடியே ஓடியது; காற்றை மாசுபடுத்தாமலே ஓடியது. இருந்தும் அதை வாங்க முன்வந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

சுரங்கத்திலே பிறந்த அறிவு

1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, இங்கிலாந்தின் வடபகுதியிலே, கேற்ஸ்ஹெட் நகருக்கு அண்மையிலுள்ள பெலிங் என்னும் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. ஆடவரும் சிறுவருமாக 92 பேர் மாண்டனர். நிலக்கரிப் படைகளிலிருந்து கசியும் மெதேன் என்னும் வாயு காற்றோடு கலந்து நிற்கும் இடத்திலே, தொழிலாளியின் கையிலிருந்த விளக்கின் சுவாலை பட்டாற் போதும். அடுத்த கணம் சுரங்கமே பீரங்கியாகிவிடும். விளக்கின்றி நிலத்தின் அடியில் வேலை செய்யவும் இயலாது. விளக்கே கூற்றுவனாகவும் இருந்தது.

இந்த இக்கட்டைத் தீர்த்துவைக்குமாறு 1815இல் சேர் ஹம்பிரி டேவி என்னும் இரசாயன அறிஞரை அணுகினர். அவர் சுவாலையைச் சுற்றி மெல்லிய கம்பிவலையொன்றைப் போர்த்தினார். வலை வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் உள்ளே எரியுந் தீ வெளியே தாவுவதில்லை. 1816 ஜனவரியில் அந்த விளக்கு சுரங்கத்தினுள் இறங்கியது. அதற்குக் காப்புரிமை பெற்றுப் பணம் சேர்க்க டேவி மறுத்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திவிடும். நமக்கு வேண்டியது இதன் பின்னர் நிகழ்ந்தது. விளக்கைத் திருத்துவதற்காக வாயுக்கலவைகளோடு பரிசோதனை செய்துகொண்டிருந்த டேவி, ஒருநாள் மெல்லிய பிளாற்றினக் கம்பியொன்றைச் சூடாக்கி, நிலக்கரி வாயுவுங் காற்றும் கலந்த பாத்திரத்தினுள்ளே இட்டார். சுவாலை தோன்றவில்லை. ஆயினும் கம்பி செக்கச் செவேலெனக் கனன்றது. வாயு தீரும்வரை கனன்றுகொண்டேயிருந்தது. சுவாலை பற்றவே முடியாத அளவு ஐதான கலவையிலுங்கூட அது கனன்றது. செம்பு, வெள்ளி, இரும்பு, பொன், நாகம் ஆகியவற்றை அவர் சோதித்துப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. பிளாற்றினமும், அதன் உறவினமான பலேடியமுமே அந்த வித்தையைச் செய்தன. 1817இல் இதனை றோயல் சங்கத்தின் முன் வைத்தார். விளக்கு அணைந்துபோனாலும் தொழிலாளி வழி காண்பதற்காக, சுவாலைக்கு மேலே பிளாற்றினச் சுருளொன்றைத் தொங்கவிடலாம் என்றுஞ் சொன்னார்.

எரிதல் என்பது எரிபொருள் ஒட்சிசனோடு சேருவதேயாம். சேருவதற்கு முன் இரு தரப்பினதும் பழைய பிணைப்புகள் அறுபட வேண்டும். அதற்குப் பெரும் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத்தான் சுவாலை கொடுக்கிறது. பிளாற்றினமோ, பலேடியமோ இருக்குமிடத்தில், வாயுக்கள் அவ்வுலோகத்தின் மேற்பரப்பிலே வந்தமர்ந்து, அங்கேயே பிணைப்பு நெகிழ்ந்து, மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஒன்றையொன்று கைப்பற்றிக்கொள்கின்றன. உலோகம் மட்டும் செலவாவதில்லை. இரு வீட்டாரையுங் கூட்டிவைத்துக் கலியாணத்தை ஒப்பேற்றிவிட்டு, அடுத்த வீட்டுக் கலியாணத்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுந் தரகரைப் போன்றது அது. இத்தகைய பொருளை ஊக்கி என்பர். இந்நிகழ்ச்சிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு பேர்சீலியஸ், அது 1835இல்.

அதற்கு முன்னரே, 1823இல், ஜேர்மனியின் ஜேனா நகரத்துப் பேராசிரியர் டோபரைனர், ஐதரசன் வாயுவைப் பஞ்சு போன்ற பிளாற்றினத்தின் மீது பீச்சி நெருப்பு உண்டாக்கும் விளக்கொன்றைச் செய்துவிட்டார். தீப்பெட்டி வீட்டுக்கு வீடு வருமுன்னர் ஐரோப்பியர் பலரின் மேசைகளில் அது இருந்தது. ஜப்பானிலோ, 1923 முதல், பெற்றோலின் இனமான எண்ணெயொன்றின் ஆவியைப் பிளாற்றினத்தின் மேற் சுவாலையின்றி எரித்துச் சூடு தரும் சிறு பெட்டியொன்றைக் குளிர்காலத்திலே சட்டைப்பைக்குள் வைத்துத் திரிகின்றனர். சட்டைப்பைக்குள் நெருப்பு! டேவி கண்ட கனல் இவ்வாறு வீட்டுப் பொருளாகியது. அது பேரியந்திரத்துக்குள் நுழைவதற்கு மட்டும் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சூடேற்றுவானேன், ஆற்றுவானேன்?

அவ்வியந்திரம் வாயுச் சுழலி. ஆகாயவிமானத்தின் ஜெற் இயந்திரமும், நம் நாட்டிலே களனிதிஸ்ஸவில் மின்சாரம் பிறப்பிக்கும் சுழலிகளும் ஒரே குடும்பத்தவை. 1939இல் சுவிற்சர்லாந்தின் நொய்ஷாற்றெல் நகரிலே, 4 மெகாவாற்று வலுவுள்ள வாயுச் சுழலி ஒன்று பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்க முதன்முதலாக நிறுவப்பட்டது. முன்பக்கத்திலே காற்றை உள்ளிழுத்து அமுக்குவார்கள். நடுவிலுள்ள தகன அறையில் அந்தக் காற்றிலே எரிபொருளை எரிப்பார்கள். சூடேறி விரிந்த வாயு பின்பக்கத்திலுள்ள சக்கரத்தின் அலகுகளை மோதிச் சுழற்றிக்கொண்டு வெளியேறும். சக்கரத்தோடு மின்பிறப்பாக்கி சுழலும். இவ்வளவே.

சிக்கல் தகன அறையிலே இருக்கிறது. எரிவாயுவும் காற்றும் சரிநிகராகக் கலந்து எரியும் சுவாலையின் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 2,000 பாகை செல்சியஸ். அந்த வெப்பத்தைச் சக்கரத்தின் அலகுகள் தாங்கமாட்டா. ஆதலாற் சுவாலையைத் தாண்டிய உடனே மேலதிகக் காற்றைக் கலந்து, 1,100, 1,200 பாகைக்கு ஆற்றியே சக்கரத்துக்கு அனுப்புவது பழைய வழக்கம். இரண்டாயிரத்துக்குச் சூடேற்றுவானேன், பின்னர் ஆற்றுவானேன் என்று வாசகர் கேட்பது நியாயமே. சுவாலை அணையாது நிலைத்து நிற்க வேண்டுமானால் அந்தச் சூடு வேண்டும். சுவாலையை நம்பி வாழ்வோர் சுவாலைக்குத் தண்டம் செலுத்தியே ஆகவேண்டும்.

அந்தத் தண்டம் நம் சுவாசப்பைக்கும் வந்து சேருகிறது. நாம் சுவாசிக்குங் காற்றிலே 78 வீதம் நைதரசன். அது பரம சாது. எவருடனும் எளிதிற் சேராது. ஆனால் வெப்பம் 1,500 பாகையைக் கடந்துவிட்டால் அதன் குணம் மாறிவிடுகிறது. ஒட்சிசனோடு கூடி நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகின்றன. வெப்பம் ஏற ஏற அவை பன்மடங்காகப் பெருகுகின்றன. இவ்விதியை வகுத்தவர் சோவியத் விஞ்ஞானி செல்டோவிச். எரிபொருள் எத்தனை தூய்மையானதாயினும் இத்தீங்கிலிருந்து தப்ப முடியாது. ஏனெனில் நைதரசன் எரிபொருளிலிருந்து வருவதன்று, காற்றிலிருந்து வருவது.

இதனால் என்ன கேடு என்பதை உலகுக்குக் காட்டிய நகரம் லொஸ் ஏஞ்சல்ஸ். 1943 யூலையில் ஒருநாள் அந்நகரை எரிச்சலூட்டும் மூட்டம் ஒன்று சூழ்ந்தது. கண்கள் நீர் சொரிந்தன, தொண்டை கரித்தது. யுத்த காலமாதலால், ஜப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டனர் என்றே பலர் அஞ்சினர். பகைவன் வெளியிலிருந்து வரவில்லை என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-சிமித் என்னும் பேராசிரியர் தெளிவுபடுத்தினார். மோட்டார் வண்டிகளும் தொழிற்சாலைகளும் கக்கும் நைதரசன் ஒட்சைட்டுகளும் எண்ணெய் ஆவிகளும் சூரிய ஒளியிலே கூடிச் சமைத்த ஓசோனே அம்மூட்டத்தின் உயிர். உயரே வானில் நமக்குக் குடையாயிருக்கும் ஓசோன், தரைமட்டத்தில் ஆஸ்துமா நோயாளரின் எதிரி. குழந்தைகளின் சுவாசப்பை இதற்கு எளிதில் ஈடுகொடுக்கமாட்டாது. அன்று முதல் கலிபோர்னியா மாநிலம் புகைபோக்கிகளின் மீது கண்ணாயிருந்து வருகிறது. 1979இல் அமெரிக்க மத்திய அரசும் வாயுச் சுழலிகளுக்கு வரம்பு விதித்தது.

எஞ்சினியர்மார் வாளாவிருக்கவில்லை. முதலிற் சுவாலையின் மீது நீரைத் தெளித்துச் சூட்டைத் தணித்தனர். நீரும் செலவாயிற்று, எரிபொருளும் விரயமாயிற்று. பின்னர், எரிவாயுவை முன்கூட்டியே மிகுதியான காற்றோடு கலந்து ஐதாக்கி எரித்தனர். இது நல்ல வழி. இன்றைய பெரிய சுழலிகள் பலவும் இவ்வழியே செல்கின்றன. பத்து இலட்சம் பங்கு புகையில் 9 பங்கு என்னுமளவுக்கு ஒட்சைட்டைக் குறைக்கவும் முடிந்தது. ஆனால் ஐதான சுவாலை சவலைப் பிள்ளை போன்றது. கொஞ்சம் எரிபொருள் குறைந்தால் அணையப் பார்க்கும், அணையாதபோது நடுங்கும். அந்த நடுக்கத்தால் தகன அறை முழுவதும் யாழ் நரம்பைப் போல அதிரத் தொடங்கும். இசை கேட்க இனிமையாயிராது, உலோகம் வெடித்துவிடும்.

சுவாலையே இல்லாவிட்டால் நடுங்குவது எது? இங்கேதான் டேவியின் கம்பி மீண்டும் வருகிறது.

தேன்வதையும் நெளிதகடும்

வில்லியம் பெபர்லி என்பவர், அமெரிக்காவிலே எங்கல்ஹாட் என்னும் விலையுயர்ந்த உலோகக் கம்பனியில் ஆய்வாளராயிருந்தவர். 1970களின் முற்பகுதியில் அவர் கண்ட வழி, கேட்பதற்கு எளியது. ஐதான எரிவாயுக் கலவையை, ஊக்கி பூசிய தேன்வதை போன்ற துளைகளினூடே செலுத்துவது. மேற்பரப்பிலே ஒரு பகுதி எரிந்து கலவையைச் சூடாக்கும். அந்தச் சூட்டிலே எஞ்சியது வாயு வெளியிலே தானாக எரிந்து முடியும். சுவாலைக்கு 2,000 பாகை வேண்டியிருந்த இடத்தில், சக்கரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சூடே போதும். 1,500ஐ எட்டாதபடியால் நைதரசன் உறங்கிக்கொண்டேயிருக்கும். 1975இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

எளிய எண்ணத்தை இரும்பிலே வடிப்பதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. மட்பாண்ட இனப் பொருளாற் செய்த தேன்வதைகள், இயந்திரத்தை நிறுத்தித் தொடக்கும்போது ஏற்படும் திடீர்ச் சூட்டினால் வெடித்தன. பிளாற்றினம் உயர்ந்த வெப்பத்தில் ஒட்சைட்டாகி மெல்ல மெல்ல ஆவியாய்ப் பறந்தது. ஊக்கியின் நுண்துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து வேலைத்திறன் இழந்தன. ஜப்பானின் கியூசூ பல்கலைக்கழகத்தார் 1980களில் வெப்பத்தைத் தாங்கும் புதிய அலுமினேற்றுப் பொருளொன்றை ஆக்கி இத்துறைக்கு நம்பிக்கை ஊட்டினர். ஆனால் மெதேனை எளிதிற் பற்றவைப்பதில் பலேடியத்துக்கு நிகர் பலேடியமே.

பலேடியத்துக்கு வியக்கத்தக்க ஒரு குணமுண்டு. மெதேனைத் திறம்பட எரிப்பது, ஒட்சிசனோடு கூடிய பலேடியமாகும். வெப்பம் 800 பாகையைத் தாண்டி ஒரு நிலைக்கு வந்ததும் அது தன் ஒட்சிசனை உதறிவிட்டு வெறும் உலோகமாகி, வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பானை பொங்க வருகையில் தானாகவே விறகை வெளியே இழுத்துக்கொள்ளும் அடுப்பொன்று இருந்தால் எப்படியிருக்கும்! அதுபோல ஊக்கி தன்னைத்தானே எரித்துக்கொள்ளாமற் காத்துக்கொள்கிறது. இதிலும் ஒரு குறை உண்டு. சூடு தணிந்தவுடனே அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சற்று நேரம் பிணங்கிக்கொண்டே இருக்கும்.

இந்தக் குணத்தை நம்பிக் காரியத்தில் இறங்கியது, கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரைச் சேர்ந்த கற்றலிற்றிக்கா என்னும் கம்பனி. ரால்ப் டல்லா பெற்றா என்பவர் இம்முயற்சியின் மூளையாய் இருந்தார். அவர்கள் மட்பாண்டத் தேன்வதையைக் கைவிட்டு, கூரைத் தகரம் போல நெளிந்த மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிச் சுருட்டினர். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஊக்கி பூசினர். ஆகவே ஒன்றுவிட்ட ஒரு கால்வாயிலே எரிதல் நிகழும். அடுத்த கால்வாயிலே எரியாத குளிர்ந்த கலவை ஓடித் தகட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும். எரிபொருளில் ஏறத்தாழப் பாதியே ஊக்கியினுள் எரிந்தது. மீதி, பின்னாலுள்ள வெற்றிடத்திலே, ஒரு நொடியின் நூற்றிலொரு பங்கு போன்ற நேரத்திலே, 1,300 பாகையை ஒட்டி, சுவாலையின்றி எரிந்து தீர்ந்தது. ஊக்கி எப்போதும் 1,300இன் கொடுமையை அனுபவிக்க வேண்டியதில்லை. நம் மதிப்பில், இந்த ஒருபக்கப் பூச்சே இக்கதையிலுள்ள மிகச் சிறந்த யுக்தி.

தங்கள் பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர் ஸோனொன். நைதரசன் ஒட்சைட்டுகளை ஆங்கிலத்திலே சுருக்கி நொக்ஸ் என்பர். 'நொக்ஸ் இல்லை' என்று பொருள்படும் 'நோ நொக்ஸ்' என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக வாசித்துப் பார்க்கும் மாணவர்க்கு இப்பெயரின் குறும்பு விளங்கும்.

சாந்தா கிளாராவின் சாட்சி

1998இல், கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா நகரசபைக்குச் சொந்தமான மின் நிலையமொன்றிலே, ஜப்பானியக் கவசாக்கி கம்பனியின் 1.5 மெகாவாற்றுச் சுழலி ஒன்றுக்கு இந்த ஊக்கி பொருத்தப்பட்டது. சிறிய இயந்திரந்தான், ஆயினும் ஆய்வுகூடப் பொம்மையன்று. நகர மக்களின் மின்கம்பிகளோடு இணைக்கப்பட்டு 8,000 மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. புகையிலே பத்து இலட்சத்துக்கு 3 பங்குக்குங் குறைவான நைதரசன் ஒட்சைட்டே இருந்தது. சூட்டைக் குறைத்தால் எரிதல் அரைகுறையாகிக் காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு மிகுந்துவிடுமே என்று ஐயுறுவோர்க்கும் விடை கிடைத்தது: அதுவும் 10 பங்கை எட்டவில்லை. பழைய முறைச் சுவாலை, கட்டுப்பாடு எதுவுமின்றி நூற்றுக்கு மேற்பட்ட பங்கு ஒட்சைட்டைக் கக்கும் என்பதை இதனோடு ஒப்பிடுக.

நாம் இதனை வாசித்தபோது மிக வியந்த செய்தி வேறொன்று. அந்த 3 பங்கு எங்கிருந்து வந்தது? ஊக்கியிலிருந்து வரவில்லை. அமுக்கிய காற்று ஊக்கிக்கு வந்து சேரும்போது, மெதேனைப் பற்றவைக்கத் தேவையான சூடு அதற்கு இருப்பதில்லை. 400 பாகைக்கு மேலே இன்னுங் கொஞ்சம் வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்காக, ஊக்கிக்கு முன்னாலே சிறு எரிகருவி ஒன்றை வைத்தனர். அதிலே எரிந்தது பழைய சுவாலைதான்! இயந்திரம் முழுவதும் கக்கிய சொற்ப ஒட்சைட்டிலே பெரும்பங்கு அந்தச் சிறு சுவாலையினது. அதை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதிலேயே பின்னைய ஆண்டுகளின் உழைப்பில் ஒரு பகுதி கழிந்தது.

2002ஆம் ஆண்டளவில் வியாபார முறையில் முதற் சுழலி பொருத்தப்பட்டது. அதை ஏற்றது அக்காலத்தில் வட கலிபோர்னியாவிலே, வளர்ச்சிக் குறைபாடுடையோரைப் பராமரித்துவந்த சொனோமா அரச இல்லம். பிணியாளரும் பலவீனரும் வாழும் வளவிலே புகைபோக்கி ஒன்றை நிறுவ நேர்ந்தால், அது மூச்சை அடைக்காத புகைபோக்கியாயிருக்க வேண்டும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஏன் நிலைக்கவில்லை?

இதற்கிடையிலே ஒரு பெரிய வாய்ப்பும் வந்தது. கலிபோர்னியாவின் கேர்ண் மாவட்டத்தில், பஸ்தோரியா என்னுமிடத்தில் 750 மெகாவாற்று நிலையம் ஒன்றுக்கு 2000இல் அனுமதி வழங்கப்பட்டது. இராட்சதச் சுழலிகளிலே ஸோனொன் ஊக்கியைப் பொருத்துவதாகத் திட்டம். ஊக்கி உரிய காலத்தில் ஆயத்தமாகாவிட்டால் வேறு முறையைக் கையாளலாம் என்றும் முன்னெச்சரிக்கையாக எழுதி வைத்திருந்தனர். நிலையம் கைமாறியது. கட்டி முடித்தபோது அந்த வேறு முறையே இடம்பிடித்துக்கொண்டது.

அந்த வேறு முறை யாது? ஒட்சைட்டு உண்டாவதைத் தடுக்காமல், உண்டானதைப் புகைபோக்கியிலே மறித்து, அம்மோனியாவைத் தெளித்து, மற்றோர் ஊக்கியின் மேலே அதனை மீண்டும் நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுவது. இதுவும் 2 பங்கு வரை குறைத்துவிடும். வேடிக்கை என்னவெனில், இம்முறைக்கு 1957இல் முதற் காப்புரிமை பெற்றதும் மேலே சொன்ன எங்கல்ஹாட் கம்பனியே. 1970களில் ஜப்பானியர் இதனை நடைமுறைக்கேற்றதாக்கினர். அம்மோனியா கடும் நெடியுள்ளது, நச்சானது. லொறி லொறியாகக் கொண்டுவந்து களஞ்சியப்படுத்த வேண்டும். சிறிதளவு புகையோடு தப்பியும் போகும். அழுக்காகாமற் சமைப்பது ஒன்று. சமைத்தபின் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவது மற்றொன்று. நாம் முன்னதன் பக்கம். ஆனால் மின்சாரம் விற்பவர் கணக்கு வேறு. புகைபோக்கியின் வாயிலே எத்தனை பங்கு என்றுதான் சட்டம் கேட்கிறது. உள்ளே அது எவ்வாறு நிகழ்ந்தது என்று கேட்பதில்லை. பல்லாண்டு அனுபவமும் உற்பத்தியாளரின் உத்தரவாதமும் உள்ள முறை எதுவோ, அதற்கே வங்கியும் பணம் கொடுக்கும்.

தடைகள் இன்னும் இருந்தன. ஒவ்வோர் இனச் சுழலிக்கும் தகன அறையைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். சுழலி செய்பவர் மனம்வைத்தாலன்றி அது நடவாது. ஊக்கியின் ஆயுளை 8,000 மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ ஓராண்டு ஓட்டம் என்றே குறித்திருந்தனர். அதன்பின் மாற்ற வேண்டும். கந்தகம் பலேடியத்துக்கு ஆகாது. ஆதலால் டீசல் போன்ற எண்ணெய்களில் ஓடும் நாடுகளுக்கு இது எளிதில் உதவாது. பலேடியத்தின் விலையோ 2001 ஜனவரியில் அவுன்சுக்கு ஆயிரம் டொலரைத் தாண்டியது. அதே ஆண்டின் பின்னர் அமெரிக்காவிலே புதிய சுழலிகளுக்கான கேள்வியும் சரிந்துவிட்டது.

இவை வியாபாரத் தடைகள். இயற்கையே விதித்த தடையொன்றும் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகச் சுழலிகளை மேன்மேலுஞ் சூடாக இயக்கப் பழகிவிட்டனர். இன்றைய மிகப் பெரிய சுழலிகளில் சக்கரத்தை வந்தடையும் வாயுவின் வெப்பம் 1,500, 1,600 பாகை. அந்தச் சூட்டைச் சுவாலையால் ஆக்கினாலென்ன, ஊக்கியால் ஆக்கினாலென்ன, நைதரசன் விழித்துக்கொள்ளும். ஊக்கி காக்கக்கூடிய எல்லைக்கு அப்பாலே இயந்திரம் ஓடிப்போய்விட்டது.

பெபர்லி மட்டும் சோர்ந்துவிடவில்லை. கனெற்றிக்கட் மாநிலத்தில் 1986இல் அவர் நிறுவிய கம்பனி வழியைத் திருப்பிப் போட்டது. எரிபொருள் முழுவதையும் சிறிதளவு காற்றோடு மட்டும் ஊக்கியின் மேற் செலுத்தினால், ஒட்சிசன் போதாமையால் ஊக்கி அளவுக்கு மிஞ்சிச் சூடேறாது. பின்னர் மீதிக் காற்றைக் கலந்து ஐதாக எரித்து முடிக்கலாம். இம்முறையைச் சுழலி உற்பத்தியாளரோடு சேர்ந்து பரிசோதித்து நல்ல பயன் கண்டனர். ஆயினும் மின் நிலையங்களிலே அம்மோனியாவின் ஆட்சியை அது அசைக்கவில்லை.

கற்றலிற்றிக்கா கம்பனி 2006இல் தன் சுழலி ஊக்கி நுட்பத்தைக் கவசாக்கிக்கே விற்றுவிட்டு அத்துறையிலிருந்து ஒதுங்கியது. கவசாக்கி அதைப் பரணில் வீசிவிடவில்லை.

நிலக்கரிச் சுரங்கங்களில் இன்றும் மெதேன் கசிகிறது. அது தேங்கி வெடிக்காதிருக்கப் பெரும் விசிறிகளால் ஓயாது காற்றைச் செலுத்தி வெளியேற்றுகின்றனர். வெளியேறும் காற்றிலே மெதேன் 1 வீதமும் இராது. சுவாலை பற்றுவதற்கோ 5 வீதமாவது வேண்டும். எனவே அது எரிக்க முடியாத வாயுவென்று வானிலே விடப்படுகிறது. அங்கே சென்று, எடைக்கு எடை, காபனீரொட்சைட்டைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேலாகப் பூமியைச் சூடாக்குகிறது. இந்தச் சுரங்கக் காற்றோடு சுரங்க வாயுவைச் சிறிது கலந்து, 2 வீத மெதேனளவில் உள்ளிழுத்து, ஊக்கியின் மேற் சுவாலையின்றி எரித்து மின்சாரம் பிறப்பிக்கும் சிறு சுழலியொன்றைக் கவசாக்கி 2011இல் அறிவித்தது. அவுஸ்திரேலிய அரச ஆய்வு நிறுவனமும், 1 வீத மெதேனிலேயே ஓடத்தக்க சுழலியை இதே வழியில் ஆக்க முயன்றது. பெலிங்கில் 92 பேரைக் கொன்றதும், டேவியின் கம்பியைக் கனலச் செய்த நிலக்கரி வாயுவில் அடங்கியிருந்ததும் இதே மெதேன்தான்.